ரேடன் கிடங்கின் சாவி: மெர்க்கலின் எரிவாயுக் கணக்கு

ஜெர்மனியின் வடமேற்கில், லோயர் சாக்ஸனி மாநிலத்தில், ரேடன் என்று ஒரு சிற்றூர். அதன் மண்ணுக்கு அடியில் ஏறத்தாழ 2,000 மீட்டர் ஆழத்தில், எரிவாயு எடுத்துத் தீர்ந்துபோன ஒரு பாறைப் படுகை இருக்கிறது. கோடையில் அந்தக் காலிப் படுகைக்குள் வாயுவை அழுத்தி இறக்குவார்கள். குளிர்காலத்தில் திரும்ப எடுப்பார்கள். மேலே நின்று பார்த்தால் குழாய்களும் கம்ப்ரசர் கூடங்களும்தான் தெரியும். உள்ளே சுமார் 400 கோடி கன மீட்டர் கொள்ளும். ஜெர்மனி முழுவதிலும் உள்ள சேமிப்பு இடத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு இது ஒன்றே.

2022 பிப்ரவரியில் ரஷ்யப் படைகள் உக்ரைனுக்குள் நுழைந்தபோது, ரேடனில் இருந்த இருப்பு 5 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை.

அடுப்பில் ஒன்று, மூலையில் ஒன்று என்று இரண்டு சிலிண்டர் வைத்திருக்கும் வீடுகளில் இதை விளக்கத் தேவையில்லை. சமையல் பாதியில் நீல ஜுவாலை மஞ்சளாகித் தணியும்போதுதான் மூலையில் இருப்பதன் அருமை தெரியும். ஜெர்மனி அந்த இரண்டாவது சிலிண்டரை ஏஜென்சிக்காரர் வீட்டிலேயே விட்டு வைத்திருந்தது. 2015 முதல் ரேடன் கிடங்கு ரஷ்ய அரசு நிறுவனமான காஸ்ப்ரோமின் கையில் இருந்தது. வாயுவை விற்பவரும் அவரே, ஆபத்துக்காலத்துக்கு என்று எடுத்துவைக்க வேண்டியவரும் அவரே.

இந்த நிலை ஒரே நாளில் வந்ததல்ல, ஒரே ஆளால் வந்ததும் அல்ல. ஆனாலும் 2005 நவம்பரிலிருந்து 2021 டிசம்பர் வரை பதினாறு ஆண்டுகள் சான்சலராக, அதாவது பிரதமருக்கு நிகரான பதவியில், இருந்தவர் அங்கேலா மெர்க்கல். அறிவியல் படித்த, அவசரப்படாத, புள்ளிவிவரத்தை வரிவரியாகப் படிக்கும் தலைவர் என்று பெயர் வாங்கியவர். அப்படிப்பட்டவரின் எரிசக்திக் கணக்கு எங்கே பிசகியது என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வு. அவரைத் திட்டுவதற்கு இணையத்தில் ஆள் பஞ்சமில்லை. அது எனக்கு வேண்டாம்.

பழைய உறவு

மேற்கு ஜெர்மனி சோவியத் வாயுவை வாங்க ஒப்புக்கொண்டது 1970 பிப்ரவரியில், சான்சலர் வில்லி பிராண்ட் காலத்தில். ரூர் பகுதி ஆலைகள் பெரிய விட்டமுள்ள எஃகுக் குழாய்களைக் கொடுக்கும். சைபீரிய வாயு அந்தக் குழாய் வழியாகவே வரும். வாயு விற்ற பணத்தில் குழாய்க்கடன் கழியும். 1973-ல் வாயு வரத் தொடங்கியது. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்க அதிபர் ரீகன் தடை விதித்துப் பார்த்தார். அன்றைய சான்சலர் ஹெல்முட் ஷ்மிட் மசியவில்லை. பெர்லின் சுவர் நின்ற காலத்திலும், சோவியத் ஒன்றியம் உடைந்த காலத்திலும் வாயு வந்துகொண்டே இருந்தது.

ஜெர்மன் அரசியல்வாதிகள் எல்லோருடைய மனத்திலும் பதிந்திருந்த பாடம் இதுதான்: ஏவுகணைகளைக் குறிவைத்து நின்ற நாளிலேயே நிறுத்தாதவன் இனி நிறுத்துவானா? அவனுக்கு நம் பணம் வேண்டும், நமக்கு அவன் வாயு வேண்டும். அடிமட்டத்தில் இந்த வாதம் முட்டாள்தனமானதல்ல. நாற்பது ஆண்டு அனுபவம் அதன் பின்னால் இருந்தது.

2006 ஜனவரியிலும் 2009 ஜனவரியிலும் ஒரு தடங்கல் வந்தது. உக்ரைனுக்கும் ரஷ்யாவுக்கும் விலைத் தகராறு. உக்ரைன் வழியாக வரும் வாயு நின்றது. 2009-ல் இரண்டு வாரம் நீடித்த அந்த அடைப்பில் பல்கேரியாவும் ஸ்லோவாக்கியாவும் நடுங்கிப்போயின. அதே சம்பவத்தைப் பார்த்த இரண்டு தரப்பும் இரண்டு விதமாகப் புரிந்துகொண்டன. கிழக்கே உள்ளவர்கள், விற்பவனே ஆபத்து என்று எடுத்துக்கொண்டு, குழாயில் வாயுவை எதிர்த்திசையில் அனுப்பும் வசதியைச் செய்தார்கள். போலந்து கடலோரத்தில் கப்பல் முனையம் கட்டக் கிளம்பியது. பெர்லினோ ஆபத்து வழியில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டியது. வழியில் உள்ள நாட்டைத் தவிர்த்துவிட்டால் சரியாகிவிடும் அல்லவா?

அந்தத் தவிர்ப்புக்கான திட்டம் ஏற்கனவே கையில் இருந்தது. பால்டிக் கடலுக்கு அடியில் ரஷ்யாவின் வைபோர்க்கிலிருந்து ஜெர்மனியின் லுப்மின் வரை 1,224 கிலோமீட்டர் குழாய்; பெயர் நார்ட் ஸ்ட்ரீம். மெர்க்கலுக்கு முந்தைய சான்சலர் கெர்ஹார்ட் ஷ்ரோடர், தேர்தலுக்குப் பத்து நாள் முன்பு, 2005 செப்டம்பர் 8 அன்று புதின் பக்கத்தில் நிற்க அதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. தேர்தலில் தோற்ற ஷ்ரோடர் சில மாதங்களிலேயே அந்தக் குழாய் நிறுவனத்தின் பங்குதாரர் குழுவுக்குத் தலைவராகப் போய் உட்கார்ந்தார். போலந்தின் அன்றைய பாதுகாப்பு அமைச்சர் ராடோஸ்வாவ் சிகோர்ஸ்கி இந்தத் திட்டத்தை 1939-ல் ஹிட்லரும் ஸ்டாலினும் போலந்தைப் பங்குபோட்ட ஒப்பந்தத்தோடு ஒப்பிட்டார். ஜெர்மனியில் அதை மிகை என்று சிரித்தார்கள். மெர்க்கல் திட்டத்தை நிறுத்தவில்லை.

ஒரே ஆண்டில் இரண்டு காட்சிகள்

2011-ஐ நான் திரும்பத் திரும்பப் புரட்டுவது அந்த ஆண்டின் இரண்டு நாட்களுக்காக.

மார்ச் 11 அன்று ஜப்பானில் சுனாமி. ஃபுகுஷிமா அணு உலைகள் உருகின. அதற்கு முந்தைய இலையுதிர் காலத்தில்தான் மெர்க்கல் அரசு, ஜெர்மனியின் 17 அணு உலைகளின் ஆயுளைச் சராசரியாக 12 ஆண்டுகள் நீட்டியிருந்தது. ஃபுகுஷிமாவுக்கு மூன்றாம் நாள் அந்த நீட்டிப்பை நிறுத்தி வைத்தார். எட்டு உலைகள் உடனே ஓய்ந்தன. 2022 இறுதிக்குள் எல்லாவற்றையும் மூடும் திட்டத்தை ஜூன் 9 அன்று நாடாளுமன்றத்தில் வைத்துப் பேசினார். அந்தப் பேச்சு அவருடைய சிறந்த பேச்சுகளில் ஒன்று என்பேன். அணுசக்தியில் எப்போதும் ஓர் எஞ்சிய ஆபத்து உண்டு. மனித அறிவுக்கு எட்டியவரை அது நிகழாது என்று நம்புகிறவர்தான் அதை ஏற்க முடியும். தொழில்நுட்பத்தில் முன்னேறிய ஜப்பானிலேயே நிகழ்ந்துவிட்டது, எனவே என் நிலைப்பாடு மாறிவிட்டது என்றார். முடிவோடு உடன்படாதவர்கள்கூடத் தர்க்கத்தை மறுக்க முடியாது. நிகழும் வாய்ப்பு சிறியதா என்று மட்டும் கேட்டால் போதாது, நிகழ்ந்தால் தாங்குவோமா என்றும் கேட்க வேண்டும்.

ஐந்து மாதம் கழித்து, நவம்பர் 8 அன்று, அதே மெர்க்கல் லுப்மினில் ரஷ்ய அதிபர் மெத்வதேவ், பிரான்ஸ் பிரதமர் ஃபியோன், நெதர்லாந்துப் பிரதமர் ருட்டே ஆகியோரோடு ஒரு பெரிய வால்வுச் சக்கரத்தைப் பிடித்துத் திருப்பினார். நார்ட் ஸ்ட்ரீமின் முதல் குழாய் திறந்தது. இரண்டு குழாயும் ஓடத் தொடங்கியதும் ஆண்டுக்கு 5,500 கோடி கன மீட்டர் வரை அனுப்பலாம்.

அணு உலைக்குக் கேட்ட கேள்வியை அந்தச் சக்கரத்தின் முன் யாரும் கேட்கவில்லை. எஞ்சிய ஆபத்து குழாயிலும் இருந்தது. ரஷ்யா நிறுத்தும் வாய்ப்பு சிறியது என்பது சரி. நிறுத்தினால்? பாதி வீடுகள் வாயுவில் சூடேறும் நாடு. லுட்விக்ஸ்ஹாஃபனில் பிஏஎஸ்எஃப் என்ற வேதியியல் நிறுவனத்தின் ஒரே வளாகம் நாட்டின் மொத்த வாயுவில் சுமார் 4 சதவீதத்தை விழுங்கும். கண்ணாடி, உரம், காகிதம், பீங்கான் எல்லாம் வாயுவை நம்பியவை. இந்தக் கேள்விக்குப் பதிலாக ஒரு திட்டம் வேண்டும், திட்டத்துக்குக் காசு வேண்டும். குழாய் வாயு மலிவாக வந்துகொண்டிருக்கையில் யார் அந்தக் காசைப் போடுவது?

கிரைமியாவுக்குப் பிறகும்

2014-ல் ரஷ்யா கிரைமியாவைச் சேர்த்துக்கொண்டது. ஐரோப்பாவின் தடைகளுக்கு முன்னின்று ஆதரவு திரட்டியவர் மெர்க்கல். அந்தப் பெருமையை அவரிடமிருந்து பறிக்க முடியாது. ஆனால் எரிவாயுக் கணக்கு தனி ஏட்டில் ஓடிக்கொண்டிருந்தது. 2015 செப்டம்பர் தொடக்கத்தில் பால்டிக் கடலடியில் இன்னொரு குழாய்த் திட்டமான நார்ட் ஸ்ட்ரீம் 2-க்கான ஒப்பந்தம் கையெழுத்தானது. அதே மாதக் கடைசியில் பிஏஎஸ்எஃபும் காஸ்ப்ரோமும் ஒரு சொத்துப் பரிமாற்றத்தை முடித்தன: ஜெர்மன் தரப்புக்குச் சைபீரிய வயல்களில் பங்கு, காஸ்ப்ரோமுக்கு ஜெர்மனியின் வாயு வர்த்தகமும் கிடங்குகளும், ரேடன் உட்பட. பொருளாதார அமைச்சகம் ஆட்சேபிக்கவில்லை. செய்தியில் அது வணிகப் பக்கத்தில் வந்துபோனது. கிடங்கில் குறைந்தபட்சம் இவ்வளவு இருக்க வேண்டும் என்ற சட்டமும் அன்று கிடையாது. கோடையில் மலிவு, குளிரில் விலை அதிகம். லாபத்துக்காக வியாபாரிகளே நிரப்பி வைப்பார்கள் என்பது நம்பிக்கை.

நார்ட் ஸ்ட்ரீம் 2 பற்றி நூறு தலையங்கம் உண்டு, ரேடன் பற்றி ஒன்றும் இல்லை. எனக்கு இது உறுத்துகிறது. குழாய் கண்ணுக்குத் தெரியும், வரைபடத்தில் கோடு போடலாம், அமெரிக்கா சண்டைக்கு வரும். கிடங்கு மண்ணுக்கு அடியில் கிடக்கிறது.

மெர்க்கலின் வாதத்தை அவர் வாயாலேயே கேட்க வேண்டுமானால் 2019 பிப்ரவரியில் மியூனிக் பாதுகாப்பு மாநாட்டுக்குப் போக வேண்டும். உக்ரைன் வழியே வந்தாலும் பால்டிக் வழியே வந்தாலும் ரஷ்ய வாயு மூலக்கூறு ரஷ்ய வாயு மூலக்கூறுதான் என்றார். பனிப்போர் நாளிலேயே வாங்கினோம், இன்று அதைவிட மோசமா என்றும் கேட்டார். அரங்கில் கைதட்டல். குவாண்டம் வேதியியலில் முனைவர் பட்டம் வாங்கியவர் சொன்னால் மூலக்கூறுக்கு மறுப்பு ஏது!

மூலக்கூறு ஒன்றுதான். ஆனால் வாயு எந்த நாட்டைத் தாண்டி வருகிறதோ அந்த நாட்டைத் தாக்க விற்பவன் இருமுறை யோசிப்பான். கடலடிக் குழாய் வந்த பிறகு அந்தத் தயக்கத்துக்கு வேலை இல்லை. இதைத்தான் போலந்தும் உக்ரைனும் பதினைந்து ஆண்டாகச் சொல்லிக்கொண்டிருந்தன. வேதியியலில் இல்லாத வித்தியாசம் புவியியலில் இருந்தது.

இன்னொரு பக்கம், கப்பலில் வரும் திரவ வாயுவை, அதாவது எல்என்ஜியை, இறக்க ஜெர்மனியில் ஒரு முனையம்கூட இல்லை. வடகடல் ஓரத்து வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில் கட்டலாம் என்ற பேச்சு 1970-களிலிருந்தே உண்டு. ஜெர்மன் எரிவாயு வர்த்தக நிறுவனமான யூனிப்பர் அதை மறுபடி தூசி தட்டி, போதிய வாடிக்கையாளர் இல்லை என்று 2021-ல் கைவிட்டது. மலிவான குழாய் வாசலில் நிற்கும்போது விலை கூடிய கப்பல் வாயுவுக்கு நீண்டகால ஒப்பந்தம் போட எந்த வியாபாரியும் வரமாட்டான். அது அவன் வேலையும் அல்ல. வராத மழைக்குக் குடை வாங்கி வைப்பது அரசின் வேலை. 2020-ல் நிதியமைச்சராக இருந்த ஒலாஃப் ஷோல்ஸ், முனையங்களுக்கு 100 கோடி யூரோ வரை ஆதரவு தருகிறோம் என்று சொல்லத்தான் செய்தார். யாரிடம் என்றால் அமெரிக்காவிடம். பதிலுக்கு நார்ட் ஸ்ட்ரீம் 2 மீதான தடையைக் கைவிட வேண்டும். பாதுகாப்புக்கான செலவு பேரத்துக்கான சில்லறையாகப் போயிற்று.

2021 வாக்கில் ஜெர்மனி இறக்குமதி செய்த வாயுவில் ஏறத்தாழ 55 சதவீதம் ரஷ்யாவிலிருந்து. அந்த ஆண்டு கோடையில் காஸ்ப்ரோம் தன் ஜெர்மன் கிடங்குகளை வழக்கம்போல் நிரப்பவில்லை. நீண்டகால ஒப்பந்தப்படி வர வேண்டியது வந்துகொண்டிருந்ததால் யாரும் அலறவில்லை. விலை மட்டும் ஏறிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் தேர்தல், மெர்க்கல் விடைபெறும் மனநிலையில். டிசம்பர் 8 அன்று ஷோல்ஸ் சான்சலராகப் பொறுப்பேற்றார்.

ஹாபெக்கின் பத்து மாதம்

பொருளாதார அமைச்சராக வந்த ராபர்ட் ஹாபெக் பசுமைக் கட்சிக்காரர். அரசியலுக்கு வருமுன் மனைவியோடு சேர்ந்து நாவல் எழுதியவர். நிலக்கரியை ஒழிக்க வந்தவர் ஓய்ந்து கிடந்த நிலக்கரி ஆலைகளைத் திரும்ப ஓட்டச் சொல்ல வேண்டி வந்தது. 2022 மார்ச்சில் கத்தாருக்குப் போய் அமைச்சர் ஒருவருக்குக் குனிந்து வணக்கம் சொன்ன படம் நாட்டையே சுற்றியது, கேலிக்கும் குறைவில்லை.

ஏப்ரல் 4 அன்று காஸ்ப்ரோமின் ஜெர்மன் துணை நிறுவனத்தை அரசு தன் பொறுப்பில் எடுத்தது. சாவி கைமாறியது. ஏப்ரல் கடைசியில் கிடங்குச் சட்டம் வந்தது: அக்டோபர் 1-க்குள் 80, நவம்பர் 1-க்குள் 90 சதவீதம் நிரம்பியிருக்க வேண்டும். வியாபாரிகள் நிரப்பாவிட்டால் சந்தை மேலாண்மை நிறுவனம் அரசுக் கடனில் வாங்கி நிரப்பும். கடன் வரம்பு 1,500 கோடி யூரோ. ஜூன் நடுவில் ரஷ்யா நார்ட் ஸ்ட்ரீம் வரத்தை 40 சதவீதமாகக் குறைத்தது. பழுதுபார்க்க கனடா போன கம்ப்ரசர் டர்பைன் வரவில்லை என்று காரணம். ஜூலை இறுதியில் 20. ஷோல்ஸ் ஜெர்மனியின் மியூல்ஹைம் நகருக்குப் போய், கனடாவிலிருந்து வந்திறங்கிய அந்த டர்பைன் பக்கத்திலேயே நின்று, இதோ இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். ஆகஸ்ட் 31 அன்று வரத்து முழுதாக நின்றது. செப்டம்பர் 26 அன்று போர்ன்ஹோம் தீவுக்கு அருகே கடலடியில் குழாய்கள் வெடித்தன.

ஆகஸ்டில் விலை எங்கே போனது என்பதைச் சொன்னால்தான் அந்த நிரப்பலின் கூலி புரியும். ஐரோப்பியச் சந்தையில் வழக்கமாக மெகாவாட்-மணிக்கு 20 யூரோ அளவில் இருந்த வாயு 300-ஐத் தாண்டியது. ரஷ்ய வாயுவை நம்பி ஒப்பந்தம் போட்டிருந்த யூனிப்பர் அதே அளவை இந்த விலைக்கு வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது; ஆண்டின் முதல் ஒன்பது மாதத்தில் மட்டும் 4,000 கோடி யூரோ நட்டம்; அரசே அதை விழுங்கிக்கொண்டது. பொதுக் கட்டடங்களில் வெப்பம் 19 டிகிரிக்கு மேல் கூடாது என்று விதி வந்தது. பாடன்-வுர்ட்டம்பெர்க் முதல்வர் கிரெட்ஷ்மன், குளிப்பதற்குப் பதிலாக ஈரத்துணியால் துடைத்துக்கொள்வதும் நல்ல பழக்கம்தான் என்றார். எளிய ஆலோசனை, நாடு ஒரு வாரம் அதையே பேசியது.

வில்ஹெல்ம்ஸ்ஹாஃபனில், ஐம்பது ஆண்டு பேச்சாகவே இருந்த முனையம், முதல் தூண் இறங்கியதிலிருந்து ஏழரை மாதத்துக்குள் டிசம்பர் 17 அன்று திறந்தது. முனையம் என்றால் படித்துறையோடு கட்டி நிறுத்திய கிட்டத்தட்ட 300 மீட்டர் நீளக் கப்பல்; மைனஸ் 160 டிகிரிக்குக் குளிர வைத்து வந்த திரவத்தை அதிலேயே சூடாக்கி வாயுவாக்கிக் கரைக்கு அனுப்புவார்கள். சட்டத்தைத் திருத்தி, அனுமதிக் காலத்தைச் சுருக்கி, எதிர்ப்பு மனுக்களை ஓரம் கட்டிச் செய்தார்கள். நவம்பர் நடுவிலேயே கிடங்குகள் நூறு சதவீதத்தைத் தொட்டிருந்தன. குளிர்காலமும் கருணை காட்டியது. யார் வீட்டிலும் ஹீட்டர் நிற்கவில்லை.

மெர்க்கல் சொல்வது

2022 அக்டோபரில் லிஸ்பனில் கேட்டபோது வருத்தமில்லை என்றார். அன்றைய நிலையில் நின்று பார்த்தால், மற்ற இடங்களின் எல்என்ஜியைவிட மலிவான குழாய் வாயுவை ரஷ்யாவிடம் வாங்கியது அறிவுக்கு உகந்தது, புரிந்துகொள்ளக்கூடியது என்பது அவர் பதில். நிலக்கரியையும் அணுவையும் விட்டு வெளியேறும் நாட்டுக்கு இடைக்காலத்தில் வாயு வேண்டியிருந்தது. நார்ட் ஸ்ட்ரீம் 2 வழியாக ஒரு கன மீட்டர்கூட விற்பனைக்கு வந்ததில்லை என்பதும் உண்மை. வெளியுறவு அமைச்சராக இருந்து பிறகு குடியரசுத் தலைவரான ஸ்டைன்மையர் அந்தத் திட்டத்தைப் பிடித்துத் தொங்கியது தவறு என்று ஏப்ரலிலேயே ஒப்புக்கொண்டார். மெர்க்கல் அப்படிச் சொல்லவில்லை.

மலிவு என்பதில் பொய் இல்லை. அந்த மலிவில்தான் ஜெர்மன் வேதியியல் தொழில் கொழித்தது. நான் மாறுபடுவது ஓர் இடத்தில். வாங்கியது குற்றமல்ல. 55 சதவீதம் ஒருவனிடம் வாங்கும்போது, கிடங்கை அவனிடம் கொடுக்காமல் இருப்பதற்கும், ஒரு கப்பல் முனையத்தைச் சும்மா கட்டி வைப்பதற்கும் ஆகியிருக்கும் செலவு, யூனிப்பர் ஒன்றில் மட்டும் போன பணத்தில் சிறு துண்டு. மலிவு விலையில் காப்பீட்டுக் கட்டணத்தைச் சேர்க்காமல் கூட்டியதால்தான் அது மலிவாகத் தெரிந்தது. 2011 ஜூனில் நாடாளுமன்றத்தில் அவரே எடுத்த தராசு அது. நவம்பரில் லுப்மினுக்கு எடுத்துப் போகவில்லை.

பில் வேறு வாசலுக்கும் போனது

ஐரோப்பா எந்த விலைக்கும் எல்என்ஜி வாங்கத் தொடங்கியதும் கப்பல்கள் அங்கே திரும்பின. 2022 ஜூலையில் பாகிஸ்தான் கேட்ட டெண்டருக்கு ஒரு விற்பனையாளரும் வரவில்லை. வங்கதேசம் உடனடிச் சந்தைக் கொள்முதலை நிறுத்திவிட்டு ஊர் ஊராக மின்வெட்டுக்கு நேரம் குறித்தது.

நம் பக்கத்திலும் ஒரு கணக்கு உண்டு. இந்திய அரசு நிறுவனமான கெயில், காஸ்ப்ரோமின் சிங்கப்பூர் கிளையோடு 2012-ல் இருபது ஆண்டு ஒப்பந்தம் போட்டிருந்தது. சராசரியாக ஆண்டுக்கு 25 லட்சம் டன். அந்தக் கிளை, ஜெர்மனி ஏப்ரலில் கையகப்படுத்திய துணை நிறுவனத்தின் கீழ் வருவது. ரஷ்யா மே மாதம் பதிலடித் தடை விதிக்க, ரஷ்ய வயலிலிருந்து அந்தக் கிளைக்கு வாயு வருவது நின்றது. கெயிலுக்கு வர வேண்டிய கப்பல்களும் நின்றன. உர ஆலைகளுக்கான வாயுவை கெயில் குறைக்க வேண்டி வந்தது. ரேடன் சாவியைப் பிடுங்கியபோது அதே கொத்தில் கெயிலின் சாவியும் தொங்கிக்கொண்டிருந்ததை யார் கவனித்தார்கள்? கெயில் லண்டனில் 180 கோடி டாலருக்கும் மேல் கேட்டு நடுவர் மன்றம் போயிற்று. 2025 ஜனவரியில் 28.5 கோடி டாலருக்குச் சமாதானமானது.

அதே 2025 வசந்தத்தில் ஐரோப்பியச் சந்தையில் ஒரு விபரீதம். கோடை விலை வரப்போகும் குளிர்கால விலையைவிட அதிகம். நிரப்பி வைத்தால் நட்டம் என்று வியாபாரிகள் ஒதுங்கினார்கள். விலை இன்னும் ஏறாமல் இருக்க பெர்லின் கிடங்கு விதியைத் தளர்த்தியது. மே மாதம் வந்த புதிய பட்டியலில் சில கிடங்குகளுக்கு நவம்பர் 1 இலக்கு 45 சதவீதமாக இறங்கியிருந்தது. ரேடன் அதில் ஒன்று.